குன்றத்தூர் வெயிலில் கொழுவால் பல்லி

கொழுவால் பல்லியை வீட்டில் வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை. அவற்றின் முதல் பாடம் சூடேற்றுவது. எந்த விளக்கு, எத்தனை வாட், தொட்டிக்கு அடியில் எந்த அளவு ஹீட் மேட் என்றுதான் அவை தொடங்கும். ஜனவரியில் பனி கொட்டும் ஊருக்கு அது சரி. சென்னையை அடுத்த குன்றத்தூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருப்பவருக்கு அந்தப் பாடம் ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் பயன்படாது. மார்ச் பிற்பகுதியிலிருந்து அவர் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி: இந்தப் பல்லியை வெந்துபோகாமல் எப்படிக் காப்பது? இந்தக் கேள்விக்கு நம் ஊரிலிருந்தே விடை தேட வேண்டியிருக்கிறது. விடை இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: பல்லி எங்கிருந்து, எந்த வழியாக வந்தது? அதற்கு நேர்மையான பதில் இல்லாவிட்டால் மற்ற எல்லாக் கவனிப்பும் வீண்.

முதலில் உயிரைப் பார்ப்போம். கடைக்காரர்கள் ஃபேட் டெயில் கெக்கோ என்று சொல்லும் இந்தப் பல்லியின் அறிவியல் பெயர் ஹெமிதெகோனிக்ஸ் காடிசிங்டஸ். 1851இல் பிரெஞ்சு விலங்கியலாளர் துமேரில் பெயரிட்டது. செனகலில் தொடங்கி மாலி, ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, பெனின், நைஜீரியா வழியாகக் கேமரூனின் வடபகுதி வரை மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வாழ்கிறது. வளர்ந்தபின் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். உடலில் பழுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பட்டைகள்; சிலவற்றுக்குத் தலையிலிருந்து வால்வரை நடுமுதுகில் ஒரு வெள்ளைக் கோடு. வால் உருண்டு பருத்திருக்கும். அந்த வாலில்தான் கொழுப்பைச் சேமிக்கிறது. இரை கிடைக்காத நாட்களில் அதைக் கரைத்து வாழ்கிறது.

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கும் இதற்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கொழுவால் பல்லிக்கு மூடித் திறக்கும் இமைகள் உண்டு. வீட்டுப் பல்லியின் விரலடியில் சுவரைப் பற்றும் நுண்மயிர்த் தகடுகள் உண்டு; கொழுவால் பல்லிக்கு அவை இல்லை, வெறும் நகம்தான். ஆகவே அது கண்ணாடியில் ஏறாது, கூரையில் தொங்காது. தரையில் மெல்ல நடக்கும், பொந்தில் பதுங்கும். வளர்ப்பு முறையின் பாதி இந்த ஒரு குணத்திலிருந்தே வருகிறது. இதற்கு உயரமான கூடு தேவையில்லை. அகலமான தரைதான் வேண்டும்.

இமையுள்ள இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமானதும் அல்ல. இதே குடும்பத்தைச் சேர்ந்த சிறுத்தைப் பல்லிகள் இந்தியாவில் பல இனங்களாக உள்ளன. மேற்கே மகாராஷ்டிரம், குஜராத் பகுதியில் ஒன்று, சாத்பூரா மலையில் 2014இல் விவரிக்கப்பட்ட ஒன்று, கிழக்கே ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் ஒன்று. 2022இல் ஜீஷான் மிர்சாவும் சென்னை முதலைப் பண்ணையோடு தொடர்புள்ள சந்திரசேகருனி ஞானேஸ்வரும் ஆந்திரம், ஒடிசாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலிருந்து இன்னொன்றைப் புதிய இனமாக அறிவித்தார்கள். யூப்லெஃபாரிஸ் பிக்டஸ் என்று பெயர். விசாகப்பட்டினம் அதன் எல்லைக்குள் வருகிறது. குன்றத்தூரிலிருந்து ஒரு இரவு ரயில் பயணம். இந்த இந்தியப் பல்லிகளைக் கொடிய விஷமுள்ளவை என்று கிராமத்தினர் பல இடங்களில் நம்பி, கண்டதும் அடித்துவிடுகிறார்கள். இவற்றில் எதற்கும் விஷம் கிடையாது. இவற்றைக் காட்டிலிருந்து பிடித்து வந்து விற்பதும் நடக்கிறது; வளர்ப்பு ஆர்வலர் ஒருபோதும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

இனி வெயிலுக்கு வருவோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது உச்சம். ஆனால் சாதாரண மே மாதத்தில்கூடப் பகலில் 37, 38 டிகிரி, இரவில் 28க்குக் கீழே இறங்காத புழுக்கம். கொழுவால் பல்லிக்கு வேண்டியது தொட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி, மறுமுனையில் 24 முதல் 27. இந்த இரண்டுக்கும் நடுவே தனக்கு எந்த இடம் வேண்டும் என்று அதுவே தேர்ந்துகொள்ளும். உணவு செரிக்கச் சூட்டுக்கும், ஓய்வுக்குக் குளுமைக்கும் போகும். அறையே 34 டிகிரியில் இருந்தால் அந்தத் தேர்வு பறிபோகிறது. 35ஐத் தாண்டித் தப்ப இடமில்லாமல் சில மணி நேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

“அதன் சொந்த ஊரே வெயிலூர்தானே, தாங்காதா?” என்று கேட்பவர்கள் உண்டு. மாலியில் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் இந்தப் பல்லி வெளியே இருப்பதில்லை. மண்ணுக்குள், பாறைக்கடியில், ஈரப்பதமுள்ள பொந்தில் கிடக்கிறது. ஓரடி ஆழத்தில் மண்ணின் சூடு மேற்பரப்பைப் போலப் பகலில் ஏறி இரவில் இறங்குவதில்லை. ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். அது அனுபவிக்கும் தட்பவெப்பம் அந்தப் பொந்தினுடையது. வானிலை நிலையம் சொல்லும் எண் அல்ல. கண்ணாடித் தொட்டிக்குள் அந்தப் பொந்து இல்லை. அதைச் செய்து தருவதுதான் வளர்ப்பவரின் வேலை.

எப்படிச் செய்வது? ஏசி உள்ள அறை என்றால் 27, 28இல் வைத்துவிடலாம். பல்லிக்கும் மனிதருக்கும் அது போதும். ஆனால் ஏசி காற்றை உலர்த்திவிடும். இந்தப் பல்லிக்கு 50 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். சிறுத்தைப் பல்லியை விடக் கொஞ்சம் கூடுதல். கடல் அருகில் இருப்பதால் நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஏசி போடாதவரை. போட்டால் ஈரப்பதம் 40க்கு இறங்கும். ஏசி இல்லாதவர் வீட்டின் கீழ்த்தளத்திலோ, மேற்குச் சுவர் இல்லாத அறையிலோ, கட்டிலுக்கு அடியிலோ தொட்டியை வைக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டில் வைப்பது தவறு. அறையின் சூடு மேலேதான் தேங்கும். நடுப்பகலில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் குளிர்முனைக்கு வெளியே கண்ணாடியை ஒட்டி வைப்பது ஒரு வழி. மாடி வீட்டில் ஏசியும் இல்லை, தகரக் கூரை என்றால், இந்தப் பல்லியை வாங்காமல் இருப்பதே நல்லது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருள் இங்கே கை கொடுக்கிறது: சுடுமண். மெருகு பூசாத சின்ன மண்சட்டியை விளிம்பில் ஒரு வாசல் உடைத்துக் கவிழ்த்து, அதன் மேல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால், சட்டி நீரை உறிஞ்சி மெல்ல ஆவியாக்கும். ஆவியாகும்போது உள்ளே சூடு சில டிகிரி குறையும், ஈரப்பதம் ஏறும். ஒரே பொருளில் குளிர்ச்சியும் ஈரமும். மேலை நாட்டார் பிளாஸ்டிக் பெட்டியில் பாசி அடைத்துச் செய்யும் ஈரப் பொந்தை விட நம் கோடைக்கு இது பொருத்தமானது. ஒரு எச்சரிக்கை மட்டும்: புழுக்கம் நிறைந்த நாளில், காற்றிலேயே 80 சதவீத ஈரம் இருக்கும்போது, ஆவியாதல் மிகக் குறையும், சட்டி அதிகம் குளிர்விக்காது. மழைக்கால நாட்களில் தெளிப்பதை நிறுத்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே டிஜிட்டல் வெப்பமானியும் ஈரப்பத அளவியும் தொட்டியின் இரு முனையிலும் கட்டாயம். கையை வைத்துப் பார்த்துச் சொல்லும் கணிப்பு இதில் செல்லாது.

ஹீட் மேட் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை தேவைப்படும். இரவு வெப்பம் 21க்கு வரும் அந்த வாரங்களில் பல்லி சாப்பிட்டதைச் செரிக்க அடிவயிற்றுக்குச் சூடு வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைப் பொருத்தவே கூடாது. கட்டுப்பாடில்லாத மேட் தோலைச் சுடும் அளவுக்கு ஏறும்; பல்லி அதன் மேலேயே கிடந்து வயிறு வெந்துபோன சம்பவங்கள் வளர்ப்பாளர் உலகில் மிகப் பழையவை.

விளக்கைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இரவுயிர் ஆகையால் புற ஊதா விளக்கே வேண்டாம், உணவில் வைட்டமின் டி3 கொடுத்தால் போதும் என்பது பழைய கட்சி. அந்தியிலும் விடியலிலும் வெளியே வந்து கொஞ்சம் ஒளி வாங்கும் உயிர், ஆகவே மிதமான புற ஊதா (யுவிபி) விளக்கு நல்லது என்பது இப்போது வலுப்பெற்று வரும் கட்சி. டி3 மட்டும் கொடுத்து முழு ஆயுள் வாழ வைத்தவர்கள் ஏராளம். ஆகவே விளக்கு இல்லாதது குற்றமல்ல. இருந்தால் நல்லது, அதுவும் நிழலான பதுங்கிடம் இருக்கும்போது மட்டும். சிவப்பு விளக்கு பல்லிக்குத் தெரியாது என்று சொல்லி விற்பதை மட்டும் நம்ப வேண்டாம். 2004இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்னொரு இரவுப் பல்லி இனம் நிலவொளி அளவு மங்கலிலும் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். மனிதக் கண் நிறமிழந்து நிற்கும் இருட்டில் அவற்றின் கண் வேலை செய்கிறது. இரவில் இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

தொட்டிக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் நல்ல அளவு. மீன்தொட்டி செய்பவர்கள் இதைச் செய்து தருவார்கள். முன்பக்கம் நகரும் கண்ணாடி, மேலே வலை என்று கேட்டு வாங்க வேண்டும். மேலிருந்து கை நீட்டினால் பருந்து இறங்குகிறது என்று பல்லி மிரளும். முன்கதவு அந்தப் பயத்தைக் குறைக்கும். உள்ளே மூன்று பதுங்கிடங்கள்: சூட்டில் ஒன்று, குளுமையில் ஒன்று, நடுவில் ஈரச் சட்டி. தரைக்குத் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அழுத்திய கட்டிகளாகக் கப்பலேறும் பொருள் இது; ஐரோப்பிய வளர்ப்பாளர் விலை கொடுத்து இறக்குமதி செய்வதை நாம் செடிக் கடையில் வாங்கலாம். உப்பு நீக்கியதா என்று கேட்டு வாங்கி, ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் செம்மண்ணோடு கலந்தால் ஈரம் நிற்கும். வெறும் மணலைத் தவிர்க்க வேண்டும். இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். புதிதாக வந்த பல்லிக்கு முதல் சில வாரங்கள் டிஷ்யூ பேப்பர்தான் சிறந்த தரை. எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியும்.

ஒரு தொட்டியில் ஒரே பல்லி. இரண்டு ஆண்கள் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணும் என்றால் பெண் ஓயாத முட்டையிடலில் மெலியும். ஒன்று தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்பது மனிதர் தம் மனத்தை அதன் மேல் ஏற்றிச் சொல்வது.

உணவில்தான் நம் ஊர் வளர்ப்பாளர் அதிகம் திணறுகிறார். இது உயிருள்ள பூச்சி தின்னும் பிராணி. கீரையும் பழமும் தொடாது. வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடலாமே என்றால், கூடாது. அடுக்ககத்தில் எந்த வீட்டில் எந்த மருந்து அடித்தார்கள், அது எந்த மருந்தில் ஊர்ந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வயல்வெளிப் பூச்சிக்கும் இதே தடை. வண்ணமீன், பறவை வளர்ப்பாளர்களுக்காக மீல்வார்ம் விற்பவர்கள் சென்னையில் உண்டு. கொளத்தூர் வண்ணமீன் சந்தைப் பக்கம் விசாரித்தால் வழி கிடைக்கும். ஒருமுறை வாங்கிவிட்டால் வீட்டிலேயே பெருக்கலாம்: அகலமான டப்பா, கோதுமைத் தவிடு, ஈரத்துக்குக் கேரட் துண்டு. எறும்புதான் எதிரி, டப்பாவைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவே நிறுத்த வேண்டும். மீல்வார்ம் மட்டுமே கொடுத்தால் கொழுப்பு ஏறும். பாச்சையோ வளர்ப்புக் கரப்பானோ இடையிடையே வேண்டும்.

தீனிப் பூச்சிகள் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. இது சரிசெய்யப்படாவிட்டால் பல்லி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். தாடை மெதுமெதுப்பாகும், கால் வளையும், நடுக்கம் வரும். வளர்ப்புப் பல்லிகளை அதிகம் கொல்லும் நோய்களில் இது ஒன்று. முழுக்கத் தவிர்க்கக்கூடியதும் இதுதான். இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில், பல்லிக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிக்கு நல்ல தீனி. இதற்கு முருங்கைக்கீரைக்கு இணை அரிது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது, கொல்லையிலேயே கிடைக்கும். பாலக் கீரை வேண்டாம்; அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது, கொடுக்கும் நேரத்தில் பூச்சிகளைக் கால்சியம் கார்பனேட் பொடியில் உருட்டுவது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓடும் அடிப்படையில் அதே பொருள்தான். நன்றாகக் கழுவி உலர்த்தி மாவாக இடிக்க வேண்டும். ஆனால் அதில் டி3 இருக்காது. ஆகவே டி3 சேர்ந்த ஊர்வனப் பொடி ஒன்று வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தனியாகத் தேவை. அதிகம் போட்டாலும் கெடுதல். டி3 உடலில் தங்கிச் சேரும்.

குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு பூச்சி. பூச்சி, பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. மின்மினியை எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாது; ஒன்றின் நஞ்சே பல்லியைக் கொன்றுவிடும். தின்னாமல் விட்ட பாச்சையை இரவே எடுத்துவிட வேண்டும். தூங்கும் பல்லியைக் கடிக்கும்.

கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் மருத்துவரிடம் போவதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுவது பல்லி வளர்ப்பில் மிக மதிப்புள்ள பழக்கம் என்று நினைக்கிறேன். வால் கழுத்தின் பருமனோடு ஒத்திருந்தால் நலம். அக்குளில் கொழுப்புப் பொட்டலம் தொங்கினால் தீனி அதிகம். சாப்பிட்டும் வால் நாளுக்கு நாள் குச்சியாக இளைத்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு நம்பகமான மருந்து இல்லை, மற்றப் பல்லிகளுக்கும் பரவும். புதிய பல்லியை மூன்று மாதம் தனி அறையில் வைப்பது இதற்காகத்தான்.

தோலுரிப்பு இன்னொரு சோதனை. உரிக்கும் முன் உடல் வெளிறும். ஈரச் சட்டிக்குள் போய்ச் சுருளும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும். ஈரம் போதாவிட்டால் விரல் நுனிகளில் வளையமாகத் தோல் தங்கி, இறுகி, இரத்த ஓட்டத்தை அறுத்து விரலையே உதிர்க்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பஞ்சுக் குச்சியால் மெல்ல எடுக்கலாம். வாலையோ, மிரண்டால் அதுவே உதிர்த்துவிடும். மீண்டும் முளைக்கும், ஆனால் பழைய பட்டையழகு வராது. மொட்டையாக, டர்னிப் கிழங்கு வடிவில் வரும். வால் இழந்த வாரங்களில் அதன் சேமிப்பும் போயிருப்பதால் கூடுதல் தீனி வேண்டும்.

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் அரிது. பல்லி வாங்கும் முன் தேட வேண்டியது அவரைத்தான். 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம். மனிதர் பக்கத்திலும் ஒரு கவனம்: ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா நோயின்றியே இருக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டித் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் உள்ள வீட்டில் இது வேண்டாம்.

வீட்டாரின் மனம் என்று ஒன்றும் இருக்கிறது. நம்மவர் பல்லியோடு கொண்டுள்ள உறவு விசித்திரமானது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பக்கம் பக்கமாக இருக்கும். சுவரில் அது சத்தமிட்டால் சொல்லிய பேச்சு உண்மையாகும் என்பார்கள். சோற்றில் விழுந்தால் விஷம் என்று கொட்டுவார்கள். குன்றத்தூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டால் பல்லி விழுந்த தோஷம் நீங்கும் என்று நாடெங்குமிருந்து வருகிறார்கள். சாபத்தால் பல்லியான முனிகுமாரர்கள் விமோசனம் பெற்ற இடம் என்பது தலக்கதை. வீட்டுப் பல்லிக்கும் விஷம் இல்லை. அம்மாவும் மாமியாரும் பயப்படுவதைப் பரிகசிக்காமல், மூடிய தொட்டியை விட்டு இது வராது, சுவரேற இதற்குக் காலமைப்பே இல்லை என்று காட்டினால் பலர் ஒரு மாதத்தில் பழகிவிடுகிறார்கள். வீட்டு ஓனரிடம் முன்பே சொல்லிவிடுவதும் அவசியம். வாடகை ஒப்பந்தம் 11 மாதம். பல்லியின் ஆயுள் 15 முதல் 20 ஆண்டு.

சேக்கிழார் பிறந்த இந்த ஊர் இன்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுபவர்களின் ஊர். ஷிஃப்ட் வாழ்க்கைக்கு நாய் பொருந்தாது. பகலெல்லாம் தனியே குலைத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில் வீடு சேர்பவருக்குக் கொழுவால் பல்லி விழித்திருக்கும் நேரம் அதுதான். பத்து நிமிடம் தீனி, தண்ணீர், எச்சம் அள்ளுதல். பொங்கலுக்கு ஊருக்குப் போனால், நல்ல வாலுள்ள வளர்ந்த பல்லி தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருந்தால் ஒரு வாரம் தாங்கும். மே மாதத்தில் அப்படி விட்டுப் போக முடியாது. அடைத்த வீட்டின் சூடு அதைக் கொன்றுவிடும்.

டிசம்பருக்குத் தனி ஆயத்தம் தேவை. 2015இல் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாற்றங்கரை மூழ்கியதையும், 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் நாட்கணக்கில் மின்சாரத்தைப் பறித்ததையும், 2023இல் மிக்ஜாம் புயல் மீண்டும் வீடுகளுக்குள் நீரைக் கொண்டுவந்ததையும் இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. கீழ்த்தளம் கோடைக்கு நல்லது, வெள்ளத்துக்குக் கெட்டது. அக்டோபரில் தொட்டியை மேலே ஏற்றிவிட வேண்டும். துளையிட்ட மூடியுள்ள சிறு பெட்டியும் டிஷ்யூவும் எப்போதும் தயாராக இருக்கட்டும். மின்சாரம் போய் மேட் குளிர்ந்தால் பதறத் தேவையில்லை. நம் டிசம்பர் அறையின் 23, 24 டிகிரி பல்லியைக் கொல்லாது. அந்த நாட்களில் இரை மட்டும் கொடுக்கக் கூடாது. சூடின்றிச் செரிக்காத பூச்சி வயிற்றில் அழுகும்.

இப்போது, பல்லி எங்கிருந்து வந்தது என்ற அந்த முதல் கேள்வி. குன்றத்தூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் வெகு அருகில். பாங்காக் விமானங்களில் பெட்டிக்குள் உயிரினங்கள் வந்து பிடிபடுவது அங்கே வாடிக்கையான செய்தி. 2019 பிப்ரவரியில் ஒரு சிறுத்தைக் குட்டியே பிடிபட்டு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது. பல்லிகளும் பாம்புகளும் துணிப்பையிலும் டப்பாவிலும் அடைபட்டு வருகின்றன. பிடிபடாமல் வருபவைதான் கைமாறிச் சந்தைக்கு வருகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவிலும் டோகோ, கானா வழியாகக் காட்டில் பிடித்த கொழுவால் பல்லிகள் ஏற்றுமதியாகியிருக்கின்றன. அவை ஒட்டுண்ணியோடும் பயத்தோடும் வந்து பல நாள் உண்ணாமல் கிடக்கும். வளர்ப்பில் பொரிந்த குட்டி சுறுசுறுப்பாகத் தின்னும், கைக்குப் பழகும். வேறுபாடு மிகப் பெரிது.

சட்டம் கடந்த சில ஆண்டுகளில் வேகமாக மாறியிருக்கிறது. 2020 ஜூனில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாகத் தெரிவித்தால் ஆவணம் கேட்பதில்லை என்று ஒரு வாய்ப்புத் தந்தது. வனஉயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இனங்களுக்கு நான்காம் அட்டவணையை ஒதுக்கியது. 2024 பிப்ரவரி 28இல் வந்த விதிகள், அவற்றை வைத்திருப்போர் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றன. சைட்டீஸ் பட்டியல் மாநாட்டுக்கு மாநாடு நீளும்: டோக்கே பல்லி 2019இல் சேர்ந்தது, நம் கிழக்கு மலையின் ஜெய்ப்பூர்ப் பல்லி 2022இல். எனவே வாங்கும் நாளில், வாங்கும் இனத்தின் அறிவியல் பெயரை வைத்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லை என்றால் பதிவுக் கடமைதான் இல்லை. இறக்குமதி உரிமமும் கால்நடைத் தனிமைப்படுத்தலும் இல்லாமல் வந்தது கடத்தல் சரக்கே. 2018 விதிகளின்படி கடை, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ இன்ஸ்டாகிராமிலோ பில் இல்லாமல், தாய் தகப்பன் எங்கே என்று சொல்லாமல் ஒருவர் நீட்டினால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது. இரக்கப்பட்டு வாங்குவதும் அடுத்த பெட்டிக்கு முன்பணம் கொடுப்பதே.

நிற வகை மோகம் இதோடு சேர்ந்தது. ஓரியோ, வைட் அவுட், ஜூலு என்று பெயர் ஏற ஏற விலை ஏறும். சிறுத்தைப் பல்லியில் லெமன் ஃப்ராஸ்ட் என்ற மஞ்சள் வகை, அந்த நிறத்தைத் தரும் மரபுக் கூறோடு தோல் புற்றுக்கட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தது. 2021இல் வெளியான ஆய்வு அதை ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடு தொடர்புபடுத்தியது. முதல்முறை வளர்ப்பவருக்குச் சாதாரணப் பட்டைப் பல்லியே நல்லது. வீட்டில் இனப்பெருக்கம் செய்வதையும் தள்ளிப் போடலாம். முட்டை இருக்கும் சூடே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கும் உயிர் இது: 28, 29 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32இல் பெரும்பாலும் ஆண். நம் மே மாத அறையில் முட்டையைச் சும்மா வைத்தால் கருவே தங்காது.

வளர்க்க முடியாமல் போகும் நாள் பலருக்கு வருகிறது: வேலை மாற்றம், திருமணம், புது ஓனர். அன்று செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவது இரு பக்கமும் கொடுமை. அது மே வெயிலில் காயும், அல்லது காகத்துக்கு இரையாகும். பிழைத்துவிட்டால் நம் தரைப் பல்லிகளுக்கு நோயைத் தரும். மீன்கடையில் நாணய அளவில் வாங்கிய செங்காது ஆமைகள் வளர்ந்தபின் குளங்களில் விடப்பட்டு நாட்டு ஆமைகளை நெருக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டுப் பல்லியே கப்பலேறிப் பசிபிக் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளூர்ப் பல்லிகளை விரட்டியிருக்கிறது. செய்ய வேண்டியது, ஊர்வன வளர்ப்பில் தேர்ந்த ஒருவரைத் தேடி, பணம் வாங்காமலேனும் ஒப்படைப்பது. அப்போது பல்லியோடு நான்கு பொருள் கைமாற வேண்டும்: வாங்கிய பில், முட்டை பொரிந்த தேதி, வாராந்திர எடை எழுதிய நோட்டு, அது பழகிய மண்சட்டி.